சில்லுக்குள் இருந்த சிலுவை

ஏரம்புவின் கைகள் ஒரு காய்ந்த மாட்டுத்தோலின் மயிரைச் சவரக்கத்தியால் வழித்துக்கொண்டிருந்தன. வலது பெருவிரலில், தீவின் ஆஸ்பத்திரித் தாதியான நான் முதல்நாள் கட்டிய மருந்துத்துணி. நெடுந்தீவில் கன்றுகளுக்குக் காய்ச்சிய இரும்பால் குறிசுடுபவர் அவர் ஒருவரே என்பதால், அந்த விரல் ஆறியதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

எங்கள் தீவில் மாடுகள் தம்பாட்டில் மேயும். உரியவன் யார் என்பதற்கு உடம்பிலுள்ள சூடுதான் உறுதி. ஊருக்கு அரசாங்கம் வைத்த தலைமைக்காரர், விதானையார் தியாகலிங்கத்தின் குறி சில்லு. வண்டிச்சக்கரம்போல வட்டத்துக்குள் நாலு ஆரம். மீன்பிடிக்கிற இன்னாசித்தம்பியின் குறி சிலுவை. முந்திய ஆண்டு இன்னாசித்தம்பி எட்டு மாதம் மன்னார்க் கரையில் மீன்வாடி போட்டுத் தங்கியிருந்தபோது, அவருடைய பசுவை விதானையார் உரியவன் இல்லாத கட்டாக்காலி என்று சொல்லி ஏரம்புவிடம் கொண்டுவந்தார். சிலுவையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் சில்லு. ஏரம்பு போட்டார். விதானையார் சொன்னால் அரசாங்கம் சொன்னதாகத்தான் அன்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

இன்னாசித்தம்பி திரும்பி வந்து, கிழிந்த காதை வைத்துத் தன் பசுவை அடையாளம் கண்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். அது கன்று போட ஏலாமல் செத்தது. தோலை உரித்து வேலியில் காயப்போட்டார். தோலில் சில்லு. விதானையாரின் மாட்டைக் களவெடுத்ததாக வழக்கு வந்தது. ஆறு மாதச் சிறைமறியல் நிச்சயம் என்று ஊர் பேசிக்கொண்டது.

வழக்கை விசாரிக்க, விதானைமாருக்கு மேலதிகாரியான மணியகாரர் வள்ளத்தில் வந்து கதிரை போட்டு இருந்தார். குறியைப் படித்துச் சொல்ல ஏரம்புவைக் கூப்பிட்டார்கள்.

"எவ்வளவு நேரமாய் வழிக்கிறாய்? சில்லு துலாம்பரமாத் தெரியுதெல்லே," என்றார் விதானையார்.

"ஓம், சில்லுத்தான்."

"பிறகென்ன? எழுதுங்கோ ஐயா."

"ஏரம்பண்ணை, நீங்கள் என்ரை பசுவை அறியியளெல்லே," என்றார் இன்னாசித்தம்பி.

முதல்நாள் மருந்து கட்டும்போது ஏரம்பு என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். "மிஸ்ஸி, ஒரு சூட்டுக்கு மேலை இன்னொரு சூடு வைச்சால் பழசு மறையுமோ?" மறையாது, இரண்டு தழும்பும் இரண்டு வயதைக் காட்டும் என்றேன். அவர் கட்டிய விரலைப் பார்த்துக்கொண்டு எழும்பிப் போனார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

இப்போது அவர் கத்தியை வைத்துவிட்டுத் தோலைப் புரட்டிப் போட்டார். உள்பக்கத்தில் சிலுவை தடித்து வெளுத்திருந்தது. சுற்றியிருந்த வட்டம் மெல்லிய கோடு.

மணியகாரர் குனிந்து பார்த்தார். "வட்டத்தை ஆர் சுட்டது?"

"நான்தான் ஐயா. விதானையார் சொல்லிச் சுட்டனான்."

"சொன்னதுக்குச் சாட்சி?"

"மாடுதான் ஐயா. அதுவும் செத்துப்போச்சு."

சனம் சிரித்தது. மணியகாரர் சிரிக்கவில்லை.

நீதி ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. இன்னாசித்தம்பி குற்றவாளி இல்லை என்று விடப்பட்டார். சான்றுப் பொருளாக நீதிமன்றத்துக்குப் போன தோலைக் கறையான் தின்றது. குறியை மாற்றியதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட ஏரம்புவுக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், மறியல். விதானையாருக்கு, இனிமேல் கவனமாக இருக்கும்படி ஒரு கடிதம். அதை அவர் சட்டம் போட்டு மாட்டாததுதான் குறை.

அந்த ஆறு கிழமையில் குறிசுட வேறு இருவர் முயன்றார்கள். சுட்ட புண்ணில் புழு வைத்த கன்றுகளை என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் மனிதருக்குத்தான் மருந்து கட்டுகிறவள் என்று திருப்பியனுப்பினேன். மறியலுக்குப் போனவன் இனிக் குறிசுடக்கூடாது என்று சொல்லித்திரிந்த விதானையார், ஏரம்பு வந்திறங்கிய அன்று பின்னேரமே அவர் வீட்டுப் படலையில் நின்றார். நான் உள்ளே ஏரம்புவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறியலில் சிரங்கு பிடித்திருந்தது.

"எட்டுக் கன்று நிக்குது. நீர் ஒருக்கா வந்து சுட்டுவிடும்."

"வாறன். ஆனால் கன்றின்ரை காலை நீங்கள்தான் பிடிக்கவேணும். மயிரை வழிச்ச பிறகு, பழைய குறி ஒண்டும் இல்லையெண்டு சனத்துக்கு முன்னாலை சத்தமாச் சொல்லவும் வேணும்."

"நானோ? நான் விதானையெல்லே!"

"அதாலைதான் கேக்கிறன். சாட்சி இல்லாமல் ஒண்டும் செய்யக்கூடாதெண்டு மறியலிலை நல்லாப் படிப்பிச்சு விட்டிருக்கிறாங்கள்."

மறுநாள் காலை மேய்ச்சல் வெளியில் பாதி ஊர் கூடியது. முன்வரிசையில் இன்னாசித்தம்பி. விதானையார் வேட்டியை மடித்துக் கட்டி, முதல் கன்றின் பின்னங்காலைப் பிடித்து, "பழைய குறி இல்லை," என்றார்.

"கேக்கேல்லை," என்றார் இன்னாசித்தம்பி.

விதானையார் உரத்துச் சொன்னார். எட்டுத் தரம் சொன்னார். எட்டாவது கன்று உதைத்ததில் அவர் முழங்கைத் தோல் கழன்றது. ஏரம்பு இரும்பை மணலில் குத்தி ஆறவைத்தார். நான் விதானையாரின் முழங்கைக்கும் ஏரம்புவின் பெருவிரலுக்கும் மருந்து கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.