டீ குடிக்கப் போன மாஸ்டர்

சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைக்கிற அந்தப் பட்டறையின் முதலாளியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறைக்கு மேலேயே ஒற்றை அறையில் குடியிருந்தாள். கல்யாணம் என்று ஒன்று நடந்து, சீக்கிரமே முடிந்துபோயிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் நினைத்துக்கொண்டால் போன் செய்வார். மாலையில் ஷட்டரை இறக்கிவிட்டால் பேச்சுத்துணைக்கு ஈ காக்கைகூடக் கிடையாது.

வேலைக்கு இரண்டே பேர். துணி வெட்டும் மாஸ்டர் பேச்சையும் அளந்துதான் வெட்டுவார். தையல்காரி வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஜன்னலைத் திறந்தால் துணி பறக்கிறது என்பார் அவர். மூடினால் மூச்சு முட்டுகிறது என்பாள் அவள். அக்கா மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க சொல்றதுதான் நியாயம், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்பாள். தையல்காரியிடமும் அதையேதான் சொல்வாள். யார் முகமும் தன்னைப் பார்த்துச் சுருங்கிவிடக் கூடாது அவளுக்கு.

ஒருநாள் ஒரு பெரிய சோபாவின் உறை இறுக்கமாகப் போய்விட்டது. இழுத்தால் கிழியும்.

"கண்ணை எங்க வச்சுக்கிட்டு வெட்டுனாரு இந்த ஆளு?" என்று தையல்காரி கத்தினாள்.

மாஸ்டர் உறையைப் புரட்டி, உள்பக்கத் தையலை அக்காவிடம் காட்டினார். "நீங்களே பாத்து சொல்லுங்கக்கா."

அக்கா பார்த்தாள். வெட்டு சரியாகத்தான் இருந்தது; ஓரத்தில் தேவைக்கு மேல் துணியை மடித்துத் தைத்திருந்தது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. "சரி விடுங்க. யார் தப்புன்னு தோண்டி என்ன ஆகப் போகுது?" என்று மழுப்பினாள்.

மாஸ்டர் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தார். "டீ குடிச்சிட்டு வரேன்."

வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போனை எடுக்கவும் இல்லை. அந்த வாரக் கடைசியில் அக்கா அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வேற வேலை கிடைச்சிடுச்சா மாஸ்டர்?"

"இல்லக்கா."

"அப்புறம் ஏன்? அவ வாயி உங்களுக்குத் தெரியாததா?"

"அவ கத்துறது பழகிப்போச்சு. நீங்க அந்தத் தையலைப் பாத்தீங்க. பாத்துட்டும் ஒரு வார்த்தை சொல்லல."

"இப்ப வந்து சொல்றேன். வாங்க."

வரமாட்டேன் என்று அவர் தலையை மட்டும் அசைத்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம்.

திரும்பி வந்ததும் தையல்காரியிடம் நேராகவே சொன்னாள்: "அன்னிக்குத் தப்பு உன்னோடது."

மிஷின் நின்றது. "தெரியும்க்கா. அப்பவே சொல்லியிருந்தா கத்திட்டு அடங்கியிருப்பேன். அந்த மனுஷனும் இருந்திருப்பாரு."

மாஸ்டர் வரவே இல்லை. அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். ஜன்னல் சண்டையும் கூடவே வந்தது. இந்த முறை அக்கா எழுந்து போய், "வெட்டும்போது மூடு. தைக்கும்போது திற. இனி இதுல பேச்சு கிடையாது" என்றாள். இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அன்று மதியம் இருவரும் வெட்டும் மேஜையிலேயே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கா தட்டோடு வந்ததும் பேச்சு நின்றது. ஏதோ மறந்தவள்போலத் திரும்பி மாடியேறினாள். பாதிப் படியில் கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. தன்னைப் பற்றித்தான் இருக்கும். சற்று நின்று கேட்டுவிட்டு, அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள்.