லிஃப்ட்டாகிப் போன கார்

என் தங்கை கணவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லிஃப்ட்டுக்காரர் என்றால்தான் தெரியும். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் லிஃப்ட்டோடு நின்றிருக்கலாம். வீட்டுக்கும் வந்தது. அவர்கள் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்தினால்தான் குழாயில் தண்ணீர் வரும். ஒருமுறை நான் ஃப்ரிட்ஜைத் திறந்து, என்ன இருக்கிறதென்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றேன். தெருவே திரும்பிப் பார்க்கும்படி அது அலறியது. விருந்தாளி பசியோடு நிற்பதை ஊருக்கே அறிவிக்கும் வீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதர் கையில்தான் எங்கள் அப்பாவின் கார் சிக்கியது.

உருண்டை முதுகும் முழித்துப் பார்க்கும் விளக்குகளுமாக, எங்களைவிட வயதான கார். அப்பா போன பிறகு அதைத் தங்கைக்கே விட்டுவிட்டேன். அதற்குள் புகுந்தால் வெளியே வர எனக்கு இரண்டு பேர் துணை வேண்டும் என்பது ஒரு காரணம். அவளுக்கு அதன்மேல் இருந்த ஆசை இன்னொரு காரணம். எனக்கு அதில் ஓட்டக் கற்றுக்கொடுத்த அப்பா, அவளைப் பின்னால் உட்கார வைத்து, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்றார். அவள் மறக்கவேயில்லை. ஐம்பது தாண்டிய பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸ் தேர்வில் அப்பாவின் காரைத்தான் ஓட்டிக் காட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கணவரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வண்டி ஓடணுங்க. அவ்வளவுதான்."

"ஓடுறது என்ன பெரிய விஷயம்? பாதுகாப்பா ஓட வேணாமா?" என்றார் லிஃப்ட்டுக்காரர். அங்கே பிடித்தது சனி.

எஞ்சினை ஒரு மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். கார் அன்றே ஓடியது. அன்றே விட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையை எழுதும் வேலை இல்லை. அதற்குப் பிறகுதான் இவர் வயர் இழுக்க ஆரம்பித்தார். கண்ணாடியை ஏற்றி இறக்க மோட்டார். கூரையில் விசிறி. காலடியில் நீல விளக்கு. கதவுக்குக் கதவு மின்பூட்டு, நான்கும் பூட்டினால்தான் எஞ்சின் கிளம்பும். இருக்கைகளுக்கு அடியில் எடை பார்க்கும் கருவி, எடை கூடினால் வண்டி கிளம்பாது. இதெல்லாம் போதாதென்று, கழற்றிப் போட்ட ஏதோ ஒரு லிஃப்ட்டின் அறிவிப்புக் குரலையும் கொண்டுவந்து பொருத்தினார். கதவைச் சாத்தினால் ஒரு பெண்குரல், "கதவு மூடுகிறது" என்று சொல்லும். மூடி முடித்த பிறகுதான் சொல்லும்.

கதவின் உள்பக்கக் கைப்பிடிகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். ஏனென்று கேட்டேன்.

"லிஃப்ட்டுக்குள்ள கைப்பிடி பாத்திருக்கீங்களா மச்சான்? பொத்தான அமுக்கினா திறக்கும்."

"கரண்ட் இல்லைன்னா?"

"அதுக்குத்தான் அவசர பேட்டரி வெச்சிருக்கேன். டிக்கியில."

"டிக்கிய எப்படி மாப்பிள்ளை திறக்கிறது?"

"அதுக்கும் பொத்தான் இருக்கு," என்றார் பெருமையாக.

வெள்ளோட்டம் பார்க்க என்னைப் பின்னால் ஏற்றினார்கள். உட்கார்ந்ததும் அந்தப் பெண்குரல், "எடை அதிகம். ஒருவர் இறங்கவும்" என்றது. அப்போது காரில் இருந்தது நான் ஒருவன்தான். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். லிஃப்ட்டுக்காரர் எதையோ லேசாகத் திருகிவிட்டு, "இப்ப உங்களத் தாங்கும்" என்றார். என்னவோ நான் சரக்கு மூட்டை மாதிரி.

தேர்வு நாளன்று மைதானத்தில் நீண்ட வரிசை. காரை லிஃப்ட்டுக்காரர் ஓட்டிவந்து நிறுத்தியிருந்தார், நான் வெளியே பக்கத்தில் நின்றேன். தங்கை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, உதடு மட்டும் அசைய, சாலை விதிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பின் இருக்கையில் லிஃப்ட்டுக்காரர். நீங்கள் எதற்கு என்று அவள் கேட்டதற்கு, சிஸ்டத்தைக் கவனிக்க ஆள் வேண்டாமா என்றாராம். வெயிலுக்கு விசிறி, பொழுதுபோகப் பாட்டு, பார்ப்பவர்களுக்கு நீல விளக்கு என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டிருந்தார். பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் அந்தக் காலத்து டைனமோ பாவம், இரண்டு விளக்குக்கும் ஒரு ஹாரனுக்கும் அளந்து செய்தது. அதன் தலையில் ஒரு கட்டடத்தையே தூக்கி வைத்தால் அது எப்படித் தாங்கும்? பேட்டரி சத்தமில்லாமல் வற்றிக்கொண்டிருந்தது.

தேர்வு அதிகாரி வந்தார். உடம்பில் எனக்கு அண்ணன். முன் இருக்கையில் அமர்ந்து கதவைச் சாத்தினார். நான்கு பூட்டும் விழுந்தன. "எடை அதிகம். ஒருவர் இறங்கவும்."

"யாரச் சொல்லுது?" என்றார் அதிகாரி.

"பொதுவாச் சொல்லுது சார்," என்றார் லிஃப்ட்டுக்காரர்.

"என்னங்க, நீங்க இறங்குங்க," என்றாள் தங்கை.

அவர் பொத்தானை அமுக்கினார். பூட்டு ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. விசிறி நின்றது. நீல விளக்கு அணைந்தது. பெண்குரல் மட்டும் "ஒருவர் இற..." என்று இழுத்து, ஆண்குரலாகி, அடங்கியது. கண்ணாடி இறங்கவில்லை, டிக்கி திறக்கவில்லை. நான் வெளியிலிருந்து கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. உள்ளே லிஃப்ட்டுக்காரர் இரண்டு கைகளையும் உயர்த்தி, "யாரும் பதற வேண்டாம். அமைதியா இருங்க. உதவி வந்துக்கிட்டே இருக்கு" என்பது மங்கலாகக் கேட்டது. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே நின்று காலமெல்லாம் அவர் சொல்லிவந்த வசனம். வர வேண்டிய உதவி அவர்தான், அவரோ உள்ளே இருந்தார்.

அதிகாரிக்கு வேர்த்துக் கொட்டியது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. இன்று தவறினால் அடுத்த தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தங்கை கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அண்ணா, கல்லை எடு!"

"அப்பா காலத்துக் கண்ணாடிம்மா..."

"அப்பா என்னைப் பின்னால உக்கார வெச்சாரு. இவரு முன்னால உக்கார வெச்சுப் பூட்டிட்டாரு. உடைண்ணா!"

உடைத்தேன். சில்லுகளைத் தட்டிவிட்டு, அந்த ஜன்னல் வழியாகவே அவள் குதித்தாள். அதிகாரியை வெளியே எடுக்க நாலு பேர் சேர்ந்து பிரசவம் பார்க்க வேண்டியிருந்தது. சட்டையை உதறிக்கொண்டு அவர், "டிரைவிங் ஸ்கூல் வண்டியில ஓட்டிக் காட்டுங்கம்மா. கதவு திறக்குதான்னு முதல்ல நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவள் ஓட்டினாள். மேட்டில் நிறுத்திக் கிளப்பினாள், பின்னோக்கி எடுத்து வளைத்து நிறுத்தினாள், ஓரிடத்திலும் தடுமாறவில்லை. இதில் எதையும் அவள் கணவர் பார்க்கவில்லை. காருக்குள் தலைகீழாகக் கிடந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவள் திரும்பி வந்தபோது தலையை நீட்டி, "ஃப்யூஸாத்தான் இருக்கும்" என்றார்.

"இறங்குங்க," என்றாள் தங்கை.

அவர் ஜன்னல் வழியாக இறங்கினார். அவள் ஜன்னல் வழியாக ஏறினாள். "ரெண்டு பேரும் தள்ளுங்க. வீட்டுக்கு நான் கொண்டு போறேன்."

தள்ளினோம். அப்பாவின் காரை அவள் முதன்முதலாக ஓட்டினாள். எனக்கு நாக்குத் தள்ளியது. முச்சந்தியில், உடைந்த ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் சைகை காட்ட, ஒரு பேருந்தே நின்று வழிவிட்டது. லிஃப்ட்டுக்காரர் மூச்சிரைக்க என் பக்கம் சாய்ந்து, "டிக்கிக்குத் தனியா ஒரு பேட்டரி வெச்சிருக்கணும் மச்சான்" என்றார். கொஞ்ச தூரம் தள்ளினார். பிறகு சன்னமான குரலில், "அவ பாஸா?" என்று கேட்டார்.

பதில் முன்னாலிருந்து வந்தது.

"பாஸ். தள்ளுங்க."