கைப்பிடி கீழே இருக்கட்டும்

என் வீட்டுக்காரருக்கு எந்த மாதிரி லிஃப்ட் வைக்கலாம் என்று எங்கள் குடும்பமே மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது. கடைசியில் முடிவு செய்தவள் நான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் என்னைக் கேட்டு நடந்த முதல் காரியம் அதுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உத்திரமேரூர் கடைத்தெருவில் கீழே எங்கள் உரக்கடை, மேலே வீடு. சாலவாக்கம் போகிற வழியில் உரம் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் கவிழ்ந்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்தார். அதுவரை கடையை நான் பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவருடைய இரண்டு கைகளும் பழைய வலுவோடுதான் இருந்தன. அந்த வலு எவ்வளவு என்று என் கன்னத்துக்குத் தெரியும்.

மேலே படுத்துக் கிடக்க அவருக்குப் பொறுக்கவில்லை. தினமும் கடைக்கு இறங்கி வந்து கல்லாவில் உட்கார வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு உயிர். முதலில் மூட்டை தூக்கும் ஆட்கள் இருவர் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அவர்களை அவர் திட்டாத திட்டு இல்லை. ஒரு நாள் படி திரும்புகிற இடத்தில் நாற்காலியை வைத்துவிட்டு இருவரும் தெருவுக்குப் போய் பீடி பற்றவைத்துக்கொண்டார்கள்.

“எங்கடா போனீங்க, வாங்கடா” என்று கத்தினார்.

“தோ வர்றோம் மொதலாளி. மூச்சு வாங்கிக்கினு கீறோம்” என்றான் ஒருவன், வாசலில் நின்றபடியே.

அரை மணி நேரம் இருட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் கல்லாவில் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. எழுந்து போகவில்லை.

அதற்குப் பிறகுதான் லிஃப்ட் பேச்சு வந்தது. மெட்ராஸில் இருந்த கொழுந்தனார் ஒரு கம்பெனியில் விசாரித்துப் படம் போட்ட தாள் கொண்டுவந்தார். படிக்கட்டுச் சுவரோரம் தண்டவாளம் மாதிரி ஒன்று, அதில் நாற்காலி தானே ஏறும். படத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி சிரித்துக்கொண்டு போனாள். எங்கள் படிக்கட்டு இரண்டு இடத்தில் திரும்பும், எதிரில் ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். கரண்டோ வந்தால் வந்தது, போனால் போனது. தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

ரைஸ் மில்லில் வேலை பார்க்கும் மெக்கானிக் பாய்தான் வழி சொன்னார். பின்கட்டில், மேல்தளத்தில் ஒரு சதுர ஓட்டை இருந்தது. முன்காலத்தில் நெல் மூட்டை ஏற்றியது, பலகை போட்டு மூடியிருந்தோம். அதன் வழியாக நாற்காலி கொள்கிற மாதிரி ஓர் இரும்புக் கூண்டை ஏற்றி இறக்கலாம் என்றார். அதையும் இரண்டு விதமாகச் செய்யலாமாம்.

“செயின் பிளாக், அதான் சங்கிலிக் கப்பி, மாட்டிட்டா மொதலாளி உள்ள குந்திக்கினே தானே இழுத்துக்கலாம். ஒருத்தர் தயவும் வேணாம். இல்லாங்காட்டி, கீய செவுத்துல வின்ச் வச்சி ஒருத்தர் கைப்பிடி சுத்தணும். என்னக் கேட்டா செயின்தான் நல்லது.”

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். “நீங்க இன்னா சொல்றீங்க அண்ணி? கூட இருக்கப்போறது நீங்கதானே.”

எனக்கு அந்த நேரத்தில் என் அம்மா ஞாபகம்தான் வந்தது. மானாம்பதியில் அவள் சாகக் கிடந்தபோது, ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். டவுன் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஊர். “செத்தா ஆள் அனுப்புவாங்க. அப்ப போவலாம்” என்றார் இவர். ஆள் அனுப்பினார்கள். அப்போது போனேன்.

“அவருக்குக் கை நடுங்குது. பாதி வழியில விட்டுட்டா இன்னா பண்றது? கைப்பிடி கீழயே இருக்கட்டும்” என்றேன்.

கை நடுங்கவில்லை. பச்சைப் பொய். எவ்வளவு அக்கறை பார் என்று கொழுந்தனார் உருகிப்போனார்.

கூண்டு தயாரானதும் யூரியா மூட்டைகளை வைத்து ஏற்றிப் பார்த்த பிறகு அவரை ஏற்றினார்கள். முதல் மாதம் சொன்ன நேரத்துக்கு இறக்கினேன். அப்புறம் லோடு வந்திருக்கிறது என்பேன், ஆள் நிற்கிறது என்பேன். ஓட்டைக்குப் பக்கத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து மேலிருந்து கத்துவார்.

“எவ்ளோ நேரமா கத்திக்கினு கீறேன். காது அடச்சிப்போச்சாடி?”

அப்படிக் கத்துகிற நாளில் மதியம்வரை இறக்கமாட்டேன். வாயே திறக்காமல் காத்திருந்தால் உடனே இறக்குவேன். அவர் கெட்டிக்காரர், சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அவர் அடங்க அடங்க என் மனசு குளிர்ந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுவருஷம் தீபாவளிக்கு முன்னால் கிரீஸ் போட மெக்கானிக் பாய் வந்தார். அப்போதுதான் வீட்டுக்காரரை இறக்கியிருந்தேன். கூண்டுக்குள்ளிருந்தபடியே ஒரு பூச்சிமருந்துப் பெட்டியை இரண்டு கையாலும் அநாயாசமாக எடுத்துக் கடைப்பையனிடம் நீட்டினார். பாய் அதைப் பார்த்துவிட்டார்.

“கை நல்லாத்தானே கீது மொதலாளி. மில்லுல ஒரு செயின் பிளாக் சும்மா கெடக்குது. அரை நாள் வேலை. நாளைலேர்ந்து நீங்களே ஏறலாம், எறங்கலாம்.”

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர் ஒரு வார்த்தை ‘சரி’ என்று சொல்லியிருந்தால் போதும். நான் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“வேணாம் பாய்” என்றார் அவர். “இதுவே சௌரியமா கீது. அவ பாத்துக்கறா.”

பாய்க்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு ஆறு வருஷம் உயிரோடு இருந்தார். கிரீஸ் போட நான் வேறு ஆளை வைத்துக்கொண்டேன்.