அம்மா அளவுக்கு ஒரு விண்கலம்

வீட்டில் அவனுக்கு வாலு என்று பேர். கல்லூரியில் சேர்ந்தபோது அந்தப் பேரை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போனான். அது அவனுக்கு முன்னால் போய் வகுப்பில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. நூலகக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து எல்லாரையும் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பியது, சாரின் நாற்காலியில் ஈரப் பெயின்ட் என்று எழுதி ஒட்டி அவரைப் பாடம் முடியும்வரை நிற்க வைத்தது என்று அவனுடைய சாதனைகள் நிறைய. படிப்பில் மட்டும் அப்படி எதுவும் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் கணக்கும் அவனும் பேசிக்கொள்வதில்லை. உள்அலங்காரப் படிப்புக்குக் கணக்கே வேண்டாம், சோபாவுக்கு ஒரு நிறம், திரைக்கு ஒரு நிறம் சொன்னால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்தான். முதல் நாளே அவன் கையில் இன்ச் டேப்பைக் கொடுத்தார்கள். அந்த யாரோவை அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறான்.

இரண்டாம் வருடத்தில் எல்லாரும் ஒரு தீம் உணவகத்தை வடிவமைக்க வேண்டும். போன தடவை அவன் சிறைச்சாலை உணவகம் போட்டான். கம்பி, பூட்டு, கைதி உடுப்பில் சர்வர், எல்லாம் இருந்தது. சமையலறை இல்லை.

"சாப்பாடு எங்கேர்ந்துடா வரும்?" என்று சார் கேட்டார்.

"வெளியில ஆர்டர் பண்ணிக்கலாம் சார்."

ஃபெயில். இந்தத் தடவையும் ஃபெயிலானால் கல்லூரியை விட்டே கிளம்ப வேண்டியதுதான். அக்கா வீட்டுக்காரர் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். "நீ ஒண்ணும் கவலைப்படாத மாப்ள. நம்ம கடைக்கு ஆள் வேணும். பெட்டி தூக்க உடம்பு இருந்தா போதும், மூளை எல்லாம் நான் கேக்க மாட்டேன்" என்று அவர் ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதலைக் கேட்டாலே அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அதனால் இந்த முறை நன்றாக யோசித்து விண்கலம் என்று தீம் எடுத்தான். விண்கலத்துக்குள் யாரும் போய்ச் சாப்பிட்டு வந்ததில்லை, ஆகவே தப்பு என்று சொல்ல ஆளிருக்காது. அவனுடைய மொத்த யோசனையும் அவ்வளவுதான். வட்ட ஜன்னல், வளைந்த சுவர், மேஜைக்கு மேலே விளக்கு மினுங்கும் பொத்தான் பலகை. சமையலறையை முதலிலேயே போட்டுவிட்டான், அதுவும் இரண்டு.

சார் போட்ட நிபந்தனைதான் இடித்தது. புத்தகத்து அளவுகளைக் காப்பி அடிக்கக் கூடாது. பத்து பேரை உட்காரவைத்து முழங்கால் உயரம், முழங்கை உயரம், கை எட்டும் தூரம் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். அந்த அளவில் ஒரு இருக்கையை, அதைச் சுற்றியுள்ள மேஜை, சுவரோடு சேர்த்து அட்டையிலும் பிளைவுட்டிலும் முழு உருவத்தில் செய்து கொண்டுவர வேண்டும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அதில் உட்கார்ந்து பார்த்துத்தான் மார்க் போடுவார்.

வாலு கையில் டேப்போடு வருகிறான் என்றால் யார் நிற்பார்கள்? நண்பர்கள் தெருவைத் தாண்டி ஓடினார்கள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். அசையாமல் உட்கார்ந்தது அம்மா மட்டும்தான். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவளுக்கு, உட்கார் என்று யார் சொன்னாலும் சரி என்றிருந்தது.

அம்மா நாலரை அடி. அதுவும் செருப்போடு.

கீழே குந்தி முழங்காலை அளந்தபோது கணுக்கால் இரண்டும் ஊதியிருந்ததைப் பார்த்தான். "என்னம்மா இது, காலா பலூனா?"

"கவுண்டர்ல ஸ்டூலு அவ்வளவு உசரம்டா. கால் அந்தரத்துல தொங்கிட்டே கிடக்கும். அட்டைப்பெட்டி வச்சுப் பாத்தேன், பெருக்க வர்றவங்க எடுத்துப் போட்டுடறாங்க."

"நீ ஏன் இவ்வளவு குள்ளமா பொறந்த? தப்பு உன் மேலதான்."

"ஆமாடா, ஒன்னைக் கேட்டுட்டுப் பொறந்திருக்கணும். அளந்து முடி, சோறு வைக்கணும்."

சொல்லிவிட்டானே தவிர, அந்த முழங்கால் உயரத்தை மட்டும் திரும்பத் திரும்ப அளந்தான். அடுத்த மூன்று நாளும் அடுப்படி வேலை முடிந்து வந்தவளை மறுபடியும் உட்காரவைத்து அளந்தான். மீதி ஒன்பது பேருக்கு அவ்வளவு சிரமப்படவில்லை. அம்மாவின் அளவில் ஒருவருக்கு ஒரு விரல் கூட்டினான், ஒருவருக்கு ஒரு விரல் குறைத்தான். ஒரு டிரைவர், ஒரு நர்ஸ், தாடி வைத்த ஒரு பெரியவர் என்று ஒன்பது பேரைப் பெற்றெடுத்து, வேலையும் வாங்கிக் கொடுத்துவிட்டான்.

தேர்வு நாளில் விண்கல இருக்கையைத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. அம்மா லீவு போட்டுவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள். வேனிலிருந்து மாடிவரை தூக்கிவந்து வைத்துவிட்டு வராந்தாவில் நின்றுகொண்டாள்.

தேர்வாளர் மேடம் அறைக்குள் வந்தபோது வாலு அண்ணாந்து பார்த்தான். ஆறடி இருப்பார். வாசல் நிலையில் குனிந்துதான் வந்தார்.

"இது விண்கலம் மேடம். இங்க உட்காந்து சாப்பிட்டா பூமியே மறந்துடும்."

மேடம் உட்கார்ந்தார். முழங்கால்கள் மோவாய்க்கு வந்தன. நிமிர்ந்தார், பொத்தான் பலகையில் நெற்றி டங்கென்று இடித்தது. ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. சார் கண்ணை மூடிக்கொண்டார். எழுந்திருக்கப் பார்த்த மேடம் மேஜைக்கும் இருக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கடைசியில் பக்கவாட்டில் சரிந்துதான் வெளியே வந்தார். அந்த நொடியில் டைல்ஸ் கடை ஷட்டர் திறக்கும் சத்தம் வாலுவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"யாருப்பா அளவு இது?"

"பத்து பேர் மேடம். சராசரி."

"அந்தப் பத்து பேர்ல ஒருத்தரைக் கூப்பிடு. உட்காந்து காட்டட்டும்."

டிரைவரையும் நர்ஸையும் எங்கே போய்க் கூப்பிடுவான்? வேறு வழியில்லாமல் வராந்தாவை எட்டிப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் வா" என்றான்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கூச்சத்தோடு உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில் பட்டுப் படிந்தன. முதுகு சாய்மானத்தில் ஒட்டியது. முழங்கை மேஜைமேல் தானாக வந்து உட்கார்ந்தது. கையை நீட்டினாள், பொத்தான் எட்டியது. கால்விரல்களைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"கால் எட்டுதுடா!" என்றாள். கூச்சம் எங்கோ போய்விட்டது.

மேடம் சுற்றி வந்து பார்த்தார். முழங்காலுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்தார். "கச்சிதமா இருக்கு. உங்களை மாதிரியே மத்த ஒம்பது பேருமா?"

"எந்த ஒம்பது பேருங்க?" அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னை மட்டுந்தானேடா அளந்த? நாலு நாளா சோறு திங்க விடாம அளந்தியே!"

இந்த முறை வகுப்பு வாயைப் பொத்தவில்லை. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவனும் சிரித்தான். அழுவதற்கு அத்தனை பேர் நடுவில் தைரியம் வரவில்லை.

"இவன் எப்பவும் இப்படித்தான் மேடம்" என்றார் சார். "போட்டுடுங்க ஃபெயில்."

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருக்கையைப் பார்த்தார். "ஒருத்தருக்கு ஒழுங்கா செஞ்சிருக்கான் சார். ஒம்பது பேருக்குப் புளுகியிருக்கான். நிஜமான ஒம்பது பேரை அளந்து, இருக்கையை மாத்திக் கொண்டுவரட்டும். அடுத்த வாரம் நானே வந்து உட்கார்றேன். அப்பவும் தலை இடிச்சா ஃபெயில். என்ன சொல்ற தம்பி?"

"எங்கிட்ட யாரும் அளவு குடுக்க மாட்டாங்க மேடம்" என்றான். அன்றைக்கு அவன் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"நான் குடுக்கறேன். எடு டேப்பை."

மேடம் சாதாரண நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து காலை ஊன்றினார். வாலு குந்தி டேப்பை விரித்தான். ஒரு விரல் கூட்டிய டிரைவரெல்லாம் எந்த மூலைக்கு? அரைச் சாணுக்கு மேலேயே வித்தியாசம் இருந்தது. யாரும் சொல்லாமலே குறித்துக்கொண்டு, முழங்கைக்கு நகர்ந்தான்.

"டேய், அடுத்த மாடல் உள்ள வரணும். இதை வெளிய தூக்கு" என்றார் சார்.

வாலு எழுந்து திரும்பினான். அம்மா விண்கலத்தின் வளைந்த சுவரில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். பாதங்கள் இரண்டும் தரையிலேயே இருந்தன. தூங்குகிறவர்கள் காதில் தாளைச் சுருட்டி ஊதியே வளர்ந்தவன் அவன். இப்போது உதட்டில் விரலை வைத்து வகுப்பைப் பார்த்து முறைத்தான்.

"அஞ்சே அஞ்சு நிமிஷம் சார்" என்று கிசுகிசுத்தான். "அதுக்குள்ள உங்க முழங்காலையும் அளந்துடட்டுமா?"