கும்பெனி கொடுத்த குழாய்

மடுல்சீமைப் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். அதற்கு முந்திய மழைக்காலத்தில், நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயங்களில் வயிற்றுப்போக்கு பரவி ஆட்கள் விழுந்தார்கள். கொழுந்து எடுக்க ஆளில்லாமல், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இயந்திரம் சில நாள் சும்மா நின்றது. ஆட்கள் செத்த செய்தி சீமைக்குப் போனதோ என்னவோ, இயந்திரம் நின்ற செய்தி போய்விட்டது. ஸ்டோரை அண்டிக் குடியிருக்கும் சனங்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று கும்பெனி பணம் அனுப்பியது.

மலைமேல் ஓடையை மறித்துத் தொட்டி கட்டினார்கள். அங்கிருந்து ஒரு குழாய் ஸ்டோருக்குப் போனது. இன்னொன்று மேல் லயத்து முற்றத்தில், பெரிய கங்காணி வீட்டுக்கு எதிரே, பித்தளைத் திருகோடு வந்து நின்றது. இது எல்லாருக்கும் பொது என்று தோட்டத்துத் துரை, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் சொன்னார். சொன்னதை அவர் நம்பியும் இருப்பார்.

நாங்கள் கீழ் லயத்துக்காரர்கள். எங்கள் கை பட்டால் மேல் லயத்தாருக்குத் தீட்டு. ஓடை இருந்தவரை அதனால் தண்ணீருக்குத் தொல்லை இல்லை. அவர்கள் மேலே மொண்டார்கள், நாங்கள் கீழே மொண்டோம். குழாய் வந்ததும் ஓடை வற்றிவிட்டது. எங்கள் பக்கம் வந்ததெல்லாம் ஸ்டோரைக் கழுவிவிட்ட கான் தண்ணீர்தான், எண்ணெய் மிதக்க. அதனால் அம்மா பானையைக் குழாயடியில் வைத்துவிட்டு எட்டி நிற்பாள். மேல் லயத்துப் பெண் யாராவது மனம் வைத்துத் திருகைத் திறந்தால் தண்ணீர். இல்லையென்றால் இல்லை. எங்கள் பானையும் வாய் உடைந்த பானை. வீடு வந்து சேர்வதற்குள் பாதி சிந்திவிடும்.

அந்த நாளில் கைக்குழந்தையாயிருந்த தங்கச்சிக்கு வயிறு போகத் தொடங்கியது. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்க வேண்டும், கான் தண்ணீரைக் கொடுத்தால் பிள்ளை தங்காது என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லி அனுப்பினார். அம்மா வேலைக்குப் போகாமல் நின்றுகொண்டாள். ஆனால் பகலில் மேல் லயம் காலி. எல்லாரும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பார்கள். யாருமில்லாத முற்றத்தில், குழாய்க்கு எதிரே, அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். நான் போய்த் திறக்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

கடைசியில் பெரிய கங்காணியின் மனைவி வெளியே வந்தாள். கங்காணியம்மா என்றால் கங்காணியே கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார், அப்படிப்பட்ட வாய்.

"ஏன்டி, ஒரு ஈ காக்கா இல்ல. நீயே திருகிக்கிட்டா யாரு பாக்கப் போறா?"

"நீங்க பாக்குறீங்களேம்மா" என்றாள் அம்மா.

கங்காணியம்மா வந்து திறந்துவிட்டாள்.

அந்தப் பானைத் தண்ணீர் எத்தனை நேரம் வரும்? தங்கச்சி அழுவதையும் நிறுத்திக் கண் செருகிக் கிடந்தாள். மறுநாள் கும்பெனியின் பெரிய துரை குழாயைப் பார்க்க வந்தார். கூடவே மூன்று கால் படப்பெட்டியும் வந்தது. வேலையை நிறுத்தி எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தினார்கள். பிள்ளை வைத்திருக்கிற பெண் ஒருத்தி குழாயில் தண்ணீர் பிடிப்பதுபோல் படம் வேண்டுமாம். பெரிய துரையின் கைப்பிரம்பு அம்மாவைக் காட்டியது. எங்கள் பானை படத்துக்கு அழகில்லை என்று கணக்கப்பிள்ளை கங்காணி வீட்டுப் பித்தளைக் குடத்தை வாங்கி அம்மா முன்னால் வைத்தார்.

அம்மா கங்காணியைப் பார்த்தாள். தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற அவர், "தொரை சொல்றாருல்ல, தெற" என்றார், தரையைப் பார்த்தபடி.

அம்மா குடத்தைக் குழாய்க்கு நேரே நகர்த்திவைத்துத் திறந்தாள். பெரிய துரை படப்பெட்டியின் கறுப்புத் துணிக்குள் புகுந்து வெளியே வந்து, போதும் என்று கையைக் காட்டினார். கணக்கப்பிள்ளையும் போதும் என்றார். அம்மா மூடவில்லை. திருகில் வைத்த கையை எடுக்காமல், குடம் நிரம்பித் தண்ணீர் கழுத்தில் வழியும்வரை நின்றாள். துரைகள் முன்னால் அவளை யாரும் அதட்ட முடியவில்லை.

அவர்கள் பங்களாவுக்குப் போன பிறகுதான் முற்றத்தில் சத்தம் எழுந்தது. மேல் லயத்துப் பெண்கள் புளியும் சாம்பலும் கொண்டுவந்து திருகைப் பளபளவென்று தேய்த்தார்கள், மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், பிறகு தங்கள் குடங்களை வரிசையாக வைத்தார்கள். அம்மா எங்கள் பானையை எடுத்துக்கொண்டு, பித்தளைக் குடத்துத் தண்ணீரில் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கொட்டிவிட்டுப் போ என்றார் கங்காணி. கங்காணியம்மா அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கொட்டவும் வேணாம், ஒண்ணும் வேணாம். கண்டவ தொட்ட கொடம் இனிமே என் வாசப்படி ஏறாது. தண்ணியோட தூக்கிட்டுப் போடி."

அம்மா குனிந்து தூக்கினாள். தங்கச்சியை நான் வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தண்ணீரைக் காய்ச்சித் துளித்துளியாகக் கொடுத்ததில் தங்கச்சி கண் திறந்தாள். படத்துக்கு நின்றதற்காகக் கும்பெனி என் அம்மாவுக்குப் பித்தளைக் குடம் கொடுத்தது என்று கீழ் லயத்துப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அதற்கு ஈடான சாமான் வேறு இல்லை. கொஞ்சம் வளர்ந்து கங்காணியம்மாவின் அந்தப் பேச்சின் அர்த்தம் தெரிந்தபோது குடத்தைக் காலால் உதைக்கத் தோன்றியது. பிறகு தோட்டத்தைவிட்டே போய்விட்டேன்.

ஹல்துமுல்லையில் ரோட்டு வேலை, அங்கே இங்கே மூட்டை தூக்கல் என்று சுற்றி, பதுளைக் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் சில மாதம் கிடந்தேன். பழைய பித்தளையை நெருப்பில் காட்டிப் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. தேய்த்து வைத்ததை ஆசாரமான சைவக் குடும்பத்துப் பெண்கள் வாங்கிப் போவார்கள். முன்னால் யார் புழங்கினது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒருநாள் கையில் புளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திருகும் பித்தளை, குடமும் பித்தளை. இரண்டையும் தொட்டது ஒரே கை. திருகுக்குப் போதுமாயிருந்த புளி குடத்துக்குப் போதாதா? அது கங்காணியம்மாவுக்குத் தெரியாதா? அங்கே நின்ற எந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது? தெரிந்தும் கங்காணியம்மா ஏன் அதைத் தண்ணீரோடு தூக்கிப் போகச் சொன்னாள்?

குடத்தைத் தூக்கியபோது அம்மாவும் கங்காணியம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் அதைக் கோபம் என்று நினைத்திருந்தேன்.