குடை பிடித்த நண்டுக்கு இரண்டு உரிமை

ஒரு லேபிளுக்காக இரண்டு ஆபீசுக்கு எழுதிப்போட்டு, அவை ஒன்றையொன்று கைகாட்டும்போது நடுவில் நிற்பதுதான், வணிகச் சின்னமும் பதிப்புரிமையும் பதிந்து தரும் எங்கள் தொழில். ரேஷன் கார்டில் பெயர் திருத்த அலைந்த உங்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

அச்சாபீசில் கிடந்த படம்

சென்னையில் இருபது வருடம் இந்த வேலை பார்த்துவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பியதும் வந்த முதல் ஆள் ரோஸ்லின் அக்கா. கழுகுமலை ரோட்டில் பதினோரு பெண்களோடு தீப்பெட்டி போடுகிறார். லேபிளில் குடை பிடித்த நண்டு; அவரே வரைந்தது. வெளியூர்க் கடைகளில் பெயரை யார் படிக்கிறார்கள், நண்டுப் பெட்டி என்றுதான் கேட்பார்கள்.

அதே நண்டு இப்போது வேறு பெயரிலும் வருகிறது. ஆர்டர் பாதியாகி, பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அந்தப் பெட்டியைப் போடும் சீனிவாசகம் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அச்சகத்தில் கிடக்கும் பழைய படத்தில் பெயரை மாற்றி அடித்துக்கொள்வது இங்கே சிலருக்குப் பழக்கம். அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: "பேரைத்தான அந்தம்மா பதிஞ்சிருக்காவ? நான் பேரைத் தொடவே இல்லியே சார். படம் அச்சாபீசுல சும்மால்லா கெடந்துச்சு."

கடிதம்

அவர் சொன்னது பாதி சரி. வணிகச் சின்னமாக அக்கா பதிந்தது பெயரை மட்டும். ஆனால் படத்துக்குப் பதிப்புரிமை வரைந்த அன்றே வந்துவிடும், பதியாவிட்டாலும். ஒரே லேபிளில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். கையில் ஒரு சான்று இருக்கட்டும் என்று பதிப்புரிமை ஆபீசுக்குப் போனால், சரக்கில் ஒட்டும் படமாயிற்றே, இதைப்போல வேறு யார் சின்னமும் பதிவில் இல்லை என்று வணிகச் சின்ன ஆபீசில் சான்றிதழ் வாங்கி வா என்கிறது சட்டம். தயங்கித் தயங்கி விளக்கினேன். அக்கா அசரவில்லை. "வேற ஊர்ல கல்யாணம்னா நம்ம பங்குச்சாமியார்கிட்ட தடை ஒண்ணும் இல்லன்னு கடிதம் கேப்பாவல்லா, அதேதான தம்பி."

அறுபது வருடம்

சின்னத்தைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; படத்தின் உரிமையோ வரைந்த அக்காவின் ஆயுளுக்கும் அதற்குப்பின் அறுபது வருடமும் என்றேன். "செத்த பெறகும் அறுபது வருசமா? உயிரோட இருக்கையில ஒருத்தனும் நான் சொன்னதைக் கேக்கலியே."

நோட்டீசுக்குப் பின்

நான் அனுப்பிய நோட்டீஸ் கிடைத்ததும் அண்ணாச்சி என் ஆபீசுக்கு நேரிலேயே வந்தார்; அக்காவும் இருந்தார். அக்கா வரைந்த மூலப்படத்தையும், அதை அச்சகத்துக்கு அனுப்பிய வாட்ஸ்அப் தேதியையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். நண்டை நிறுத்திவிடுவதாக எழுதிக் கொடுத்தார். பிறகு தன் பெட்டிக்கும் ஒரு படம் போட்டுத் தர முடியுமா என்று அக்காவிடமே கேட்டார், கொஞ்சம் கூச்சத்தோடு. அக்கா என் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன் வைத்தார். "வரைஞ்சு தாரேன் அண்ணாச்சி. படம் யாருக்குச் சொந்தம்னு மொதல்ல இதுல எழுதுங்க."

ஒரு நண்டுக்கு இரண்டு உரிமை உண்டு என்று தெரிந்துகொள்ள, முதலில் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.