கண்டக்டர் விசில் கொடுத்த பிறகு

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டு காலியாகிவிடும். ஆவணி முடிகிற வாரத்தில், இருக்கிற முட்டைகளைத் தீர்த்துவிட்டு, தட்டைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவித் திரும்ப மாட்டுவேன். அந்த மாதம் முழுக்க அதில் இரண்டு சின்னக் கண்ணாடிப் புட்டிகள் மட்டும் அடுத்தடுத்த குழிகளில் நிற்கும். இரண்டிலும் ஒரே இன்சுலின். ஒன்று என் மாமனாருக்கு, இன்னொன்று பூனைக்கு. ஒருவருடைய புட்டியில் இன்னொருவருடைய ஊசி இறங்கிவிடக் கூடாது என்று பூனையின் புட்டிக்குச் சிவப்பு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருந்தேன். ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் மாமா அதைப் பார்த்துச் சிரிப்பார். "நானும் அதுவும் ஒரே டெப்போ. அதுக்கு மட்டும் ரூட் போர்டு மாட்டி வுட்டுக்கீற."

மாமா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் இறந்த பிறகு மதுராந்தகத்து வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு பெட்டி, ஒரு பெருமாள் படம், ஒரு பூனை ஆகியவற்றோடு புதுப்பட்டினத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தார். பூனைக்குப் பெயர் கண்டக்டர். வீட்டில் யார் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் வாசலுக்கு ஓடிவந்து ஆள் எண்ணுவதுபோலப் பார்த்துவிட்டுப் போகும் என்பதால் அந்தப் பெயர். டீயில் தோய்த்த பிஸ்கட்டும் தயிர்சோறும் தின்றே வளர்ந்தது. எங்களிடம் வந்த சில மாதங்களில் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடித்தது, உடம்பு உருகியது. மாமல்லபுரத்தில் கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்றார். மாமா, "எங்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சா டாக்டரம்மா?" என்று கேட்டார். அவர் அதை வேடிக்கையாகக் கேட்கவில்லை.

அப்போது எனக்குப் பிரசவமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை நான், விடுப்பில் இருந்தேன். குழந்தையின் பால், தடுப்பூசி, உறக்கம் என்று நேரம் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்ததால், பூனையின் ஊசியும் என் கைக்கே வந்தது. காலை ஏழு, மாலை ஏழு. மீன் உணவுப் பாக்கெட் ஒன்றைப் பிரித்துக் கிண்ணத்தில் வைப்பேன். அது தலையைக் குனிந்து தின்னத் தொடங்கியதும் கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்து மெல்லிய ஊசியை ஏற்றிவிடுவேன். தின்கிற மும்முரத்தில் அதற்குத் தெரியாது. இந்த வரிசையைப் பற்றி நான் தனியாக யோசித்ததே இல்லை. கை தானாகச் செய்தது. பின்னால் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் என் மனம் வந்து நிற்கிறது.

விடுப்பு முடிகிற நேரத்தில் வீட்டில் ஒரே கேள்வி: குழந்தையை யாரிடம் விடுவது? கணவருக்கு ஆராய்ச்சி மையத்தில் ஷிஃப்ட் வேலை. "நான் கீறேன் இல்ல?" என்றார் மாமா. அவர் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. எழுபதை நெருங்குகிறவர், சர்க்கரைக்காரர், ஆண் பிள்ளையாக இருந்து ஒரு குழந்தைக்குக் கால் கழுவிவிட்டிருப்பாரா என்றெல்லாம் உள்ளுக்குள் ஓடியது. கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் இருந்தேன். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை பள்ளியில் ஆசிரியர் கூட்டம் வந்தது. ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். குழந்தைக்குச் செய்ய வேண்டியதை ஒன்றுக்கு மூன்று முறை சொன்னேன். பூனைக்கு, "ஏழு மணி மாமா, தள்ளிப்போயிடக் கூடாது" என்று அதையும் மூன்று முறை சொன்னேன். மீன் பாக்கெட்டை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தேன். "டைம் கீப்பர்கிட்ட நானு பேச்சு வாங்குனதே இல்ல, தெரிமா? நீ கெளம்பு" என்றார். விடியற்காலை ஷிஃப்டுக்குக் கணவர் போயிருந்தார். நானும் முதல் பேருந்தைப் பிடித்தேன்.

கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"கண்டக்டர் குடிச்சவன் மாரி நடக்குது மா. நிக்கச்சொல்ல உழுது. எனக்கு சுகர் லோ ஆனா வர்ற மாரியே கீது."

"சாப்பிட்டுச்சா மாமா?"

"இன்னும் இல்ல மா."

ஊசி போட்டாயிற்று, சாப்பாடு போகவில்லை. மருத்துவரை அழைத்தேன். தேனோ சர்க்கரைத் தண்ணீரோ ஈறில் தடவிவிட்டு உடனே கொண்டுவரச் சொன்னார். மாமாவிடம் சொல்ல அழைத்தால், அவர் அதற்குள் தன் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் பொடியை விரலில் தொட்டுத் தடவியிருந்தார். பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். "குழந்த மாமா? குழந்த எங்க?" என்று கத்தினேன். "இடுப்புல கீது, வையி போன" என்று துண்டித்துவிட்டார்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற அந்தப் பேருந்துப் பயணம் மறக்காது. மலைக்கோயிலுக்கு வந்த சனிக்கிழமைக் கூட்டம் ஏறி இறங்கியதில் வண்டி நின்று நின்று போனது. ஒரு கையில் பூனைக் கூடையும் ஒரு கையில் குழந்தையுமாக ஆட்டோவில் அந்த மனிதர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பூனைக்காகக் குழந்தையை மறந்துவிட்டால்? வழியில் அவருக்கே மயக்கம் வந்துவிட்டால்? காலையில் ஊசி போட்டுக்கொண்டாரா, சாப்பிட்டாரா, எதையும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியபோது பேருந்து பாதி வழி வந்திருந்தது.

மருத்துவமனைக்கு அடுத்தது சிற்பக்கூடம். உளிச் சத்தம் இடைவிடாமல் கேட்டது. உள்ளே மேசைமேல் கண்டக்டர் துணியில் சுருண்டு கிடந்தது, முன்னங்காலில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. பெஞ்சில் மாமா. நெற்றியில் புது நாமம். மடியில் என் மகள், அத்தனை உளிச் சத்தத்திலும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். முகம் துடைத்து, உடை மாற்றி, பொட்டுகூட வைத்திருந்தார். தோளில் மாட்டியிருந்த பையில் பால் புட்டி, மாற்றுத் துணி, துண்டு எல்லாம் இருந்தன.

"பொழச்சிக்கும்னு சொல்லிட்டாங்க" என்றார் முதலில். அப்புறம், நான் எதுவும் கேட்காமலே சொன்னார். "நீ ஏழு மணின்னு அடிச்சி சொன்ன. ஏழுக்குக் குத்திட்டேன். இன்னிக்கு தளிக. சாமிக்குப் படைக்காத எப்டி மா வூட்ல மீன் பாக்கெட்ட ஒடைக்கிறது? படைச்சிட்டு வெப்போம்னு இருந்தேன்."

புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாளுக்குத் தளிகை போடும்வரை அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படாது என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்றைக்குத் தன் ஊசியையும் சாப்பாட்டோடு சேர்த்துத் தள்ளிப் போட்டுக்கொள்வார். அவருடைய மருத்துவர் திட்டியும் கேட்டதில்லை. "உங்க ஊசியைத் தள்ளிப் போடறீங்களே, பூனையோடதையும் தள்ளியிருக்கலாமே மாமா" என்றேன்.

"எனக்குன்னா தள்ளிக்குவேன். அதுக்கு நீ டைம் சொல்லிட்டியே மா."

மருத்துவர் கையுறையைக் கழற்றியபடி, "ஐயா, பூனைக்கு முதல்ல சாப்பாடு. தின்னுதான்னு கண்ணால பாத்துட்டுதான் ஊசி" என்றார்.

"எங்க டாக்டரு உல்டாவா சொல்லிக்கீறாரே. குத்திகினு அப்பறம் துன்னுன்னு."

"நீங்க ஊசி போட்டா சாப்பிட்டுடுவீங்க. பூனை சாப்பிடும்னு யாரு கேரண்டி குடுக்கிறது?"

மாமா தலையை ஆட்டினார். மணியைச் சொன்ன நான் வரிசையைச் சொல்லவில்லை. சொன்னேனோ? பாக்கெட்டை மேடையில் எடுத்து வைத்ததே சொன்ன மாதிரிதான் என்று இருந்துவிட்டேனோ? இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

மாலையில் பூனையோடு வீடு திரும்பினோம். கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்பா காதில் விழாமல், "கிரச்சுல சேத்துடலாம்" என்றார். காதில் விழுந்துவிட்டது. மாமா பெருமாள் படத்துக்கு முன்னால் ஆறிப்போன சோற்றை எடுத்து மூடிக்கொண்டே, "அவன் சொல்றது கரெக்டு தாம்மா. என்ன நம்பி வுட்டுட்டு நீ அங்க இன்னா பாடம் எடுப்ப? நான் மதுராந்தகம் போறேன், கண்டக்டரையும் இட்டுகினு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேலை முடிந்து டெப்போவில் டிரிப் ஷீட்டை ஒப்படைப்பதுபோலச் சொன்னார். அப்போதுதான் நான் காலையிலிருந்து கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"தளிகைக்கு முன்னாடி குழந்தைக்கு என்ன குடுத்தீங்க மாமா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது இன்னா கேள்வி? எட்டு மணிக்கே கஞ்சி ஊட்டிட்டேன். பசிச்சி அழுதா பெருமாளா வந்து தூக்குவாரு?"

"அப்போ பூனைக்கு மட்டும்…"

"அது மீன் துன்னுதே மா, இன்னா பண்றது! அது கத்திரிக்கா துன்னுதுன்னா நான் ஏன் பேஜாரு படறேன்?"

கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் ஒன்று தெளிவானது. என் மணிக்கும் அவர் சாமிக்கும் நடுவில் பூனை மாட்டிக்கொண்ட அதே காலையில், குழந்தை அழுததும் இரண்டையும் பார்க்காமல் அவர் கஞ்சியை ஊட்டியிருக்கிறார். அது போதுமா? ஒரு குழந்தையை ஒப்படைக்க அது போதுமான காரணமா என்று இரண்டு நாட்கள் எனக்குள்ளேயே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டேன். போதும் என்று முழுதாகத் தோன்றாமலேதான், திங்கட்கிழமை குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். ஊசியையும் அவரிடமே கொடுத்தேன். அதை மட்டும் பிடுங்கிக்கொண்டால் மற்றதைக் கொடுத்ததற்கு அர்த்தமில்லை என்று பட்டது.

அன்று காலை, பேருந்தில் இருக்கும்போதே போன் வந்தது. "கண்டக்டர் விசில் குடுத்தாச்சு. வண்டிய எடுத்துட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். கண்டக்டர் விசில் கொடுக்காமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்த மாட்டான். படியில் ஆள் தொங்குகிறதா, இறங்குகிறதா என்று டிரைவருக்குத் தெரியாது. அதுபோல பூனை தின்பதுதான் விசில். அதைக் கேட்ட பிறகுதான் ஊசி. "இத நீ மொதல்லயே சொல்லி இருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும் இல்ல? சும்மா ஏழு மணி, ஏழு மணின்னா?" நான் போனைப் பிடித்துக்கொண்டு, "குழந்த?" என்று கேட்டேன். "அது அப்பவே ஏறி சீட்ல குந்திகிச்சு" என்றார்.

வேலை நாட்களில் ஒன்றுவிடாமல் அந்த அழைப்பு வந்தது. பூனையைச் சொல்லிவிட்டுத்தான் குழந்தையைச் சொல்வார். அடுத்த சனிக்கிழமையே புரட்டாசி ஏற்பாட்டையும் மாற்றிக்கொண்டார். விடிந்ததும் பின்வாசல் படிக்கு வெளியே போய், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையை முடிந்தமட்டும் நீட்டி மீன் பாக்கெட்டைப் பிரிப்பார். பூனை தின்னும். ஊசி போடுவார். பிறகு தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து தளிகைக்கு அரிசி களைவார். தன் ஊசியை மட்டும் தள்ளிப் போடுவதை அவர் கடைசிவரை விடவில்லை. அதில் நானும் கணவரும் தோற்றோம்.

போன தை மாதம் மாமா போய்விட்டார். இருதயம் என்றார்கள். மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். கண்டக்டருக்கு வயதாகிவிட்டது, வாசலுக்கு ஓடிவருவதில்லை, படுத்த இடத்திலிருந்தே எண்ணுகிறது. இந்தப் புரட்டாசியிலும் ஒரு சனிக்கிழமை ஆசிரியர் கூட்டம் வந்தது. தளிகையை இப்போது கணவர் போடுகிறார், பின்வாசல் படி வழக்கத்தோடு. காலையில் பேருந்தில் போன் வந்தது. மகளின் குரல். "அம்மா, கண்டக்டர் விசில் குடுத்தாச்சு. அப்பா வண்டி எடுத்துட்டாரு." அதன் அர்த்தம் அவளுக்கு முழுதாகத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

மாலையில் ஊசியை நானே போட்டுவிட்டுப் புட்டியை முட்டைத் தட்டில் வைத்தேன். பக்கத்துக் குழி காலி. மாமாவின் கடைசிப் புட்டியைத் தேதி முடிந்ததும் எடுத்துப் போட்டுவிட்டேன். இனி ஒரே புட்டிதான், மாறிப்போக வழியே இல்லை. இருந்தாலும் புதுப் புட்டி வாங்கும்போதெல்லாம், பழையதிலிருந்து சிவப்பு ரப்பர் பேண்டைக் கழற்றி அதற்கு மாட்டி வைக்கிறேன்.